புறங்கையை நக்காத செல்கள்

குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு, வழக்கமான பரிசோதனைகளையெல்லாம் எடுத்துவரச் சொன்னார்கள். எடுத்தேன். முடிவுத் தாளில் இரண்டு வரிகள் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தன. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 108. சிறுநீரில் சர்க்கரை, நான்கு கூட்டல் குறிகள். இரண்டும் ஒரே காலையில், கால் மணி நேர இடைவெளியில் எடுத்தவை. தாளை நீட்டிய பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சுகர் கண்ட்ரோல்லயே இல்லையா சார்?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் உடன் வந்திருந்த மச்சான் தாளை வாங்கிப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கிட்னிங்கிறது ஒரு ஃபில்டர்தானே மாப்ளே. ஃபில்டர்ல ஓட்டை விழுந்தா சர்க்கரை ஒழுகத்தானே செய்யும்? டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க."

மறைக்க ஒன்றும் இல்லை. எட்டு மாதம் முன்பு மருத்துவர் மாத்திரையை மாற்றியபோதே சொல்லியிருந்தார்: "இனிமே யூரின்ல சுகர் இறங்கும். பயப்படாதீங்க, அதுதான் இந்த மாத்திரையோட வேலை." தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். ஆனால் மச்சானுக்கு அதை விளக்கலாம் என்று வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை. சர்க்கரை இறங்குகிறது என்பது தெரியும். எப்படி இறங்குகிறது, இத்தனை நாள் எது அதை இறங்காமல் பிடித்து வைத்திருந்தது என்று கேட்டால் கை விரிக்க வேண்டியதுதான். பதினொரு வருடச் சர்க்கரைக்காரன் நான். நோயின் பெயரே நீரிழிவு, பழைய பெயர் மதுமேகம். நீர் இனிப்பாவதுதான் நோய் என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த அறிகுறி வந்துவிடக் கூடாதே என்று இத்தனை வருடம் பயந்துவிட்டு, இப்போது அதையே காலையில் ஒரு மாத்திரை போட்டு வரவழைத்துக்கொண்டிருக்கிறேன். போதாக்குறைக்கு அந்த "ஓட்டை" என்ற சொல் காதில் நுழைந்த கொசுபோல் வெளியே போக மறுத்தது.

ஓட்டை எல்லோருக்கும் உண்டு

வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்ததும் முதலில் உடைந்தது அந்த ஓட்டைக் கதைதான். சிறுநீரகத்தில் வடிகட்டி இருப்பது உண்மை. குளோமெருலஸ் என்கிற நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சுகள், ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம். ரத்த அணுக்களையும் ஆல்புமின் போன்ற பெரிய புரதங்களையும் அவை தடுத்து நிறுத்துகின்றன. ஆனால் குளுக்கோஸ் அந்த வடிகட்டிக்கு ஒரு பொருட்டே அல்ல. தண்ணீர் எப்படிப் போகிறதோ அப்படியே அதுவும் போகிறது. எனக்கு மட்டுமல்ல, சர்க்கரை நோயே இல்லாத மச்சானுக்கும், நேற்றுப் பிறந்த குழந்தைக்கும். நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவம் இப்படி வடிகிறது. லிட்டருக்கு ஒரு கிராம் சர்க்கரை என்று தோராயமாக வைத்துக்கொண்டால் 180 கிராம். இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினாலும் சிந்தும் அளவுச் சர்க்கரை தினமும் ரத்தத்தைவிட்டு வெளியேறி, சிறுநீராகப் போகிற பாதையில் இறங்கிவிடுகிறது. ஆனால் கடைசியில் வெளியே வருகிற ஒன்றரை லிட்டரில் அது சாதாரணப் பரிசோதனைக்குச் சிக்குகிற அளவுகூட இருப்பதில்லை. போனதையெல்லாம் யாரோ வழியிலேயே எடுத்துத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். மச்சான் சொன்ன மாதிரி வடிகட்டி பழுதானால் அதன் அடையாளம் சிறுநீரில் புரதம் தெரிவது. என் தாளில் அந்த வரிக்கு நேரே "இல்லை" என்றுதான் இருந்தது, அதை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிட்டுத் திரும்ப அள்ளுவது முதலில் எனக்கு அபத்தமாகத்தான் பட்டது. வேண்டாததை மட்டும் வெளியே தள்ளினால் போதாதா? யோசிக்க யோசிக்க, பீரோவைச் சுத்தம் செய்கிற ஞாபகம் வந்தது. குப்பை எது என்று உள்ளே கையை விட்டுத் துழாவினால் ஒருநாளும் வேலை முடியாது. அத்தனையையும் தரையில் கொட்டிவிட்டு, வேண்டியதை மட்டும் திருப்பி அடுக்கினால் மிச்சம் தானாகவே குப்பை. உடம்புக்குள் என்னென்ன கழிவு சேரும், நாளைக்கு எந்தப் புது ரசாயனம் வந்து விழும் என்று சிறுநீரகத்துக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தனக்கு வேண்டிய சர்க்கரை, உப்பு, அமினோ அமிலம் இவற்றை அடையாளம் தெரிந்தால் போதும். இதைப் படித்த பிறகு சிறுநீரகத்தை யாராவது "வெறும் ஃபில்டர்" என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. வடிகட்டுவது அங்கே ரத்த அழுத்தத்தின் தயவில் நடந்துவிடுகிற சுலபமான பகுதி. திருப்பி எடுப்பதுதான் வேலை.

சர்க்கரைக்கென்று தனி எஞ்சின் கிடையாது

அந்த வேலை நடக்கிற இடம் வடிகட்டியை ஒட்டித் தொடங்கும் சுருண்ட நுண்குழாய். அதன் உட்சுவர் முழுக்க ஒரே வரிசை செல்கள். ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு பக்கம். வடிநீர் ஓடுகிற பக்கத்தை முன்வாசல் என்று வைத்துக்கொள்வோம். அங்கே சவ்வு தூரிகை மயிர்போல ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கும். ரத்தம் ஓடுகிற பக்கம் பின்வாசல். சர்க்கரை முன்வாசலில் நுழைந்து பின்வாசல் வழியாக ரத்தத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சிக்கல் என்னவென்றால் செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது, குளுக்கோஸ் தண்ணீரோடு ஒட்டி உறவாடுகிற சாதி. எண்ணெய்ப் படலத்தை அது தானாகத் தாண்டாது. அதோடு, வடிநீர் ஓட ஓட அதில் சர்க்கரை குறைந்துகொண்டே வரும்; ஒரு கட்டத்துக்குப் பிறகு வெளியே குறைவு, செல்லுக்குள்ளே அதிகம். குறைவான இடத்திலிருந்து அதிகமான இடத்துக்குப் போ என்றால் எந்தப் பொருளும் சும்மா போகாது, யாராவது தள்ள வேண்டும்.

யாரும் தள்ளுவதில்லை என்பதுதான் என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது. முன்வாசலில் எஸ்ஜிஎல்டி2 என்றொரு புரதம் சவ்வுக்குக் குறுக்கே நிற்கிறது. அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். முதலில் அதன் வாய் வெளிப்பக்கம் திறந்திருக்கிறது. வடிநீரிலிருந்து ஒரு சோடியம் அயனி வந்து அதற்கான பள்ளத்தில் உட்காருகிறது. சோடியம் உட்கார்ந்தால்தான் சர்க்கரைக்கான இருக்கை சரியாக அமைகிறது. அதில் ஒரு குளுக்கோஸ் வந்து பொருந்துகிறது. இரண்டும் ஏறியதும் வெளிவாய் மூடுகிறது, உள்வாய் திறக்கிறது. இரண்டு வாயும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதே இல்லை. செல்லுக்குள் சோடியம் மிகக் குறைவு, வெளியே இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். போதாததற்கு செல்லின் உட்புறம் எதிர்மின்னூட்டம் கொண்டது, நேர்மின்னூட்டச் சோடியத்தை வா வா என்று இழுக்கிறது. அதனால் சோடியம் உள்ளே குதிக்கத் துடித்துக்கொண்டிருக்கிறது. குதிக்கிறது. குதித்ததும் சர்க்கரையின் பிடி தளர்ந்து அதுவும் உள்ளே விழுகிறது. காலி வண்டி மறுபடி வெளிப்பக்கம் வாய் திறக்கிறது. ஆக, சர்க்கரையை மேட்டில் ஏற்ற எஞ்சின் எதுவும் இல்லை. பள்ளத்தில் இறங்கும் சோடியத்தின் முதுகில் அது தொற்றிக்கொண்டு வருகிறது.

உள்ளே வந்த சர்க்கரை பின்வாசலில் குளூட்2 என்ற இன்னொரு புரதத்தின் வழியே வெளியேறுகிறது. இதற்குச் சோடியம் வேண்டாம். உள்ளே அதிகம், ரத்தத்தில் குறைவு, அந்த வித்தியாசமே போதும். சரி, அப்படியானால் செலவு எங்கே? உள்ளே வந்த சோடியத்தை வெளியேற்றாமல் விட்டால் சீக்கிரமே உள்ளும் வெளியும் சமமாகி, துள்ளிக் குதிக்க அதற்குக் காரணமே இல்லாமல் போய்விடும். அந்த வேலையைப் பின்வாசலில் இருக்கிற சோடியம்–பொட்டாசியம் பம்ப் செய்கிறது: செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒன்றை எரித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இதை 1957இல் நண்டின் நரம்பில் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ. நோபல் பரிசு வர 1997 ஆயிற்று. சோடியத்தோடு சேர்ந்துதான் சர்க்கரை ஏறுகிறது என்ற கருத்தை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் ப்ராக் நகரில் நடந்த கருத்தரங்கில் முன்வைத்தார். அவர் பேசியது குடலின் செல்களைப் பற்றி, ஆனால் சிறுநீரகத்திலும் அதே தந்திரம்தான். சரக்கு இறங்குவது முன்வாசலில், கூலி கொடுப்பது பின்வாசலில். நடுவில் இருக்கிற சோடியம்தான் கணக்குப்பிள்ளை.

இந்த எஸ்ஜிஎல்டி2 வண்டி நுண்குழாயின் முதல் பகுதியில் கிட்டத்தட்ட 90 சதவீதத்தை அள்ளிவிடும். மிச்சம் மீதியைக் கடைசிப் பகுதியில் எஸ்ஜிஎல்டி1 பார்த்துக்கொள்கிறது. அது ஒரு சர்க்கரைக்கு இரண்டு சோடியம் கேட்கும். பேராசை என்று நினைக்க வேண்டாம். அந்த இடத்துக்கு வரும்போது வடிநீரில் சர்க்கரை அநேகமாகத் தீர்ந்திருக்கும். துடைத்து எடுக்க வேண்டும். ஒரு சோடியத்தின் வேகத்தில் கணக்குப்படி நூறு மடங்குக்குச் சற்று மேல் எதிர்த்து ஏற்றலாம் என்றால், இரண்டு சோடியம் சேர்ந்தால் பத்தாயிரம் மடங்கையும் தாண்டும். பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டக் கையில் கூடுதல் பலம் வேண்டும் அல்லவா, அப்படி. (ஃப்ரக்டோஸ் இந்த இரண்டு வண்டியிலும் ஏறாது. குளூட்5 போன்ற வேறு வழிகள் உண்டு. அதற்குள் புகுந்தால் இந்தக் கட்டுரை முடியாது.)

ஒன்றேகால் சர்க்கரை

ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். நூறு குளுக்கோஸ் மூலக்கூறுகள் வடிகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் 90க்கு 90 சோடியம். பம்ப் ஒரு ஏடிபிக்கு மூன்றை வெளியேற்றும், ஆக 30 ஏடிபி. கடைசிப் பத்துக்கு இருபது சோடியம், இன்னொரு 7 ஏடிபி. மொத்தம் 37. ஒரே ஒரு குளுக்கோஸை ஆக்சிஜனோடு முழுமையாக எரித்தால் ஏறத்தாழ 30 ஏடிபி கிடைக்கும். அப்படியானால் நூறு சர்க்கரையை மீட்கக் கூலி ஒன்றேகால் சர்க்கரை. அபத்தம் என்று நான் நினைத்த ஏற்பாட்டின் செலவு இவ்வளவுதான். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

அந்த ஒன்றேகாலைக்கூட அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று கேட்பார்கள். இந்தச் செல்கள் நக்குவதில்லை. தினமும் 180 கிராம் சர்க்கரை தம் உடம்பு வழியாகவே போகிறது, ஆனால் தம் தேவைக்கு அவை பெரும்பாலும் எரிப்பது கொழுப்பு அமிலங்களை. சர்க்கரையைத் தொடுவதே அரிது. இன்னும் மேலே போய், நாம் பட்டினி கிடந்தால் இதே செல்கள் லாக்டேட், குளூட்டமின் முதலியவற்றிலிருந்து புதிதாகச் சர்க்கரை செய்து ரத்தத்தில் சேர்க்கின்றன. செல்லுக்கு நல்லவன் கெட்டவன் கிடையாது, தெரியும். சர்க்கரையை எரிக்கும் நொதிகள் அங்கே குறைவு, அவ்வளவுதான் விஷயம். இருந்தாலும் அந்த ராத்திரி எனக்கு அவற்றின் மேல் மரியாதை வந்துவிட்டது, திரும்பப் பெறுவதாக இல்லை.

மரியாதை வந்த கையோடு ஒரு வருத்தமும். இந்த மீட்புக்கு ஓர் எல்லை உண்டு: பெரியவர்களில் நிமிடத்துக்குச் சுமார் 375 மில்லிகிராம். சாதாரணமாக வடிவது நிமிடத்துக்கு 125 அளவில்தான், எனவே வண்டிகள் பாதிக்கு மேல் சும்மா நிற்கின்றன. ரத்தச் சர்க்கரை 180ஐத் தாண்டும்போது சிறுநீரில் சர்க்கரை எட்டிப் பார்க்கத் தொடங்கும். பத்து லட்சம் நுண்குழாய்களும் ஒரே திறன் கொண்டவை அல்ல என்பதால் சில முன்னதாகவே கைவிட்டுவிடுகின்றன. ஆனால் சர்க்கரை நோய் நாள்பட்டால் இந்த எல்லை கூடுகிறது. ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை பொங்கி வழிகிறது, இவர்களோ முன்பைவிட அதிகமாக மீட்டு மீட்டுத் திருப்பி வைக்கிறார்கள். வீடு வெள்ளத்தில் மிதக்கும்போது வாசலில் போகிற தண்ணீரையும் மொண்டு உள்ளே ஊற்றுகிற விசுவாசம். என் பதினொரு வருடத்தில் இவர்கள் எத்தனை கிலோவை இப்படித் திருப்பி வைத்திருப்பார்களோ.

வேர்ப்பட்டையிலிருந்து வந்த பூட்டு

விசுவாசிகளை வேலையிலிருந்து கொஞ்சம் ஓய்வெடுக்க வைப்பதுதான் என் மாத்திரை. அதன் மூதாதை புளோரிசின், 1835இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த கசப்புப் பொருள். கசப்பாக இருக்கிறதே, காய்ச்சலுக்கு ஆகும் என்று முதலில் நினைத்தார்கள். 1886இல் ஜெர்மன் மருத்துவர் யோசெப் ஃபான் மேரிங் அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை கொட்டுகிறது என்று காட்டினார். மூன்று வருடம் கழித்து மின்கோவ்ஸ்கியோடு சேர்ந்து நாயின் கணையத்தை எடுத்து, சர்க்கரை நோய் அங்கிருந்து வருகிறது என்று நிறுவியதும் இதே மனிதர்தான். நோயின் பிறப்பிடமும், நூறு வருடத்துக்கு மேல் கழித்து வரப்போகிற மருந்தின் முதல் தடயமும் ஒரே ஆளின் கையில் இருந்திருக்கின்றன.

புளோரிசினை அப்படியே மாத்திரையாக்க முடியவில்லை. குடலிலேயே உடைந்துபோகும். எஸ்ஜிஎல்டி1ஐயும் சேர்த்து அடைப்பதால் குடலில் சர்க்கரை உறிஞ்சப்படாமல் வயிற்றுப்போக்கு வேறு. அதன் அமைப்பை மாற்றி மாற்றி, சுலபமாக உடையாததாகவும் எஸ்ஜிஎல்டி2ஐ மட்டும் குறிவைப்பதாகவும் செய்ததில் பிறந்தவைதான் டபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் வகையறா. பெயரின் வாலில் புளோரிசின் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலை செய்யும் விதம் அழகு: மூலக்கூறின் ஒரு பாதி சர்க்கரையே. அது வடிநீர்ப் பக்கமிருந்து வந்து சர்க்கரையின் இருக்கையில் உட்காரும். மறுபாதியோ வாயிலில் நீட்டிக்கொண்டு வண்டியை நகரவிடாது.

90 சதவீத வண்டியை நிறுத்தினால் 160 கிராம் போய்விடும் என்றுதானே நினைப்போம்? போவது 60 முதல் 80 கிராம் வரைதான். பின்னால் சுரண்டுவதற்காக நின்ற எஸ்ஜிஎல்டி1 தன் முழு பலத்தையும் காட்டி, வருவதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை உடம்பு தானே செய்துகொள்கிறது. பிறவியிலேயே எஸ்ஜிஎல்டி2 பழுதானவர்கள் உண்டு. சிலருக்கு நாளுக்கு நூறு கிராமுக்கு மேல்கூடப் போகும், பெரும்பாலோர் அதனால் பெரிய தொல்லை எதுவும் இல்லாமல் வாழ்கிறார்கள். மாத்திரையை நம்பலாம் என்று எனக்குத் தைரியம் தந்தது விளம்பரம் அல்ல, இவர்கள்தான். சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் இது நல்லது செய்கிறது என்பது 2015 முதல் வந்த பெரிய ஆய்வுகளில் தெரிந்தது, அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். பூஞ்சைத் தொற்று வரலாம் என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. எனக்கு வந்தது. அதற்கு மேல் எழுதப் போவதில்லை.

நான்கு காலைகள்

அறுவைச் சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பிருந்தே அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். பட்டினியும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் அமிலங்கள் அபாயகரமாகக் கூடலாம் என்பது காரணம். எனக்கு அது வேறொரு வாய்ப்பாகப் பட்டது. சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டைகள் ஒரு டப்பா வாங்கி வைத்தேன். விரல் நீளப் பிளாஸ்டிக் பட்டை, நுனியில் சிறு சதுரம், இளநீலப் பச்சை. நனைத்து, விளிம்பில் தட்டி, முப்பது நொடி காத்திருந்து, டப்பாவின் மேல் ஒட்டிய வண்ண வரிசையோடு ஒப்பிட வேண்டும்.

கடைசி மாத்திரை போட்ட மறுநாள் காலை, பத்து நொடிக்குள்ளேயே சதுரம் பழுப்பாகிவிட்டது. ஈரக்களிமண் நிறம். இரண்டாம் நாள் பழுப்புதான், ஆனால் வர நேரம் எடுத்தது. மூன்றாம் நாள் காலை முப்பது நொடி முடிந்தும் பழுப்பு வரவில்லை. பாசி படிந்த மாதிரி ஒரு பச்சை. குளியலறை வெளிச்சத்தில் நம்பிக்கையில்லாமல் ஜன்னலோரம் எடுத்துப்போய்ப் பார்த்தேன். பச்சைதான். வெறும் பட்டை, வெறும் நிறம், ஆனால் அந்த ஜன்னலோரத்தில்தான் எனக்குள் ஏதோ இடம் மாறி உட்கார்ந்தது. அதுவரை எனக்குச் சர்க்கரை நோய் என்றால் எண்கள்தான். குத்தினால் ஓர் எண், மூன்று மாதத்துக்கொருமுறை இன்னோர் எண். எல்லாமே நான் தோற்றேனா ஜெயித்தேனா என்று சொல்லும் மதிப்பெண்கள். இந்தப் பச்சையில் நான் எங்குமே இல்லை. இருக்கையைப் பிடித்துக்கொண்டிருந்த மருந்து ஒவ்வொன்றாக எழுந்து போக, காலியான வாயில்கள் திறக்க, சோடியம் குதிக்க, சர்க்கரை தொற்றிக்கொள்ள, நான் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெரும் கூட்டம் சத்தமில்லாமல் வேலைக்குத் திரும்பியிருக்கிறது. எத்தனை வருடம் "கிட்னி போயிடுமோ" என்று பயந்திருக்கிறேன். அது என்ன செய்கிறது என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறேனா? நான்காம் நாள், அறுவைச் சிகிச்சையன்று காலை, சதுரம் நனைந்த இளநீலப் பச்சையாகவே இருந்தது.

வீடு திரும்பி, சாப்பாடு பழையபடி இறங்கத் தொடங்கியதும் மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள். மறுநாளே பழுப்பு. பார்க்க வந்த மச்சான் மேஜைமேல் டப்பாவைக் கண்டுவிட்டு, என்ன ஏது என்று கேட்டு, கடைசியில் தானும் ஒரு பட்டையை உருவிக்கொண்டு உள்ளே போனார். ஒரு நிமிடம் கழித்துப் பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி வந்தார். நிறம் துளிகூட மாறவில்லை.

"நான்தான் சொன்னேனே மாப்ளே, எனக்கு ஓட்டையே இல்லை."

"உங்களுக்கும் நேத்து முழுக்க 180 கிராம் ஒழுகியிருக்கு மச்சான்."

பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ அதெல்லாம் எங்கே?"

"எடுத்து வெச்சுட்டாங்க."

"யாரு?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.